பி பிளாக், மூன்றாவது மாடி

நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, புதிதாகக் குடிவந்தவர்கள் தங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று செயலாளர் சார் கேட்டிருக்கிறார். போன வருஷத்து மலரைப் புரட்டிப் பார்த்தேன். ஒருவர் கயிலாயம் போய் வந்திருக்கிறார். இன்னொருவர் வங்கியில் காலமெல்லாம் காசாளராக இருந்து, கல்லாவில் ஒரு ரூபாய் குறையாமல் ஓய்வு பெற்றிருக்கிறார். என்னிடம் அந்த மாதிரி எதுவும் இல்லை. பி பிளாக், மூன்றாவது மாடி, புரோகிராமர்.

புரோகிராமர் என்றதும் அடுத்து என்ன கேட்பீர்கள் என்று தெரியும். எனக்குப் பிரின்டர் பார்க்கத் தெரியாது. நான் எழுதும் நிரல், எங்கேயோ ஒரு சர்வரில் உட்கார்ந்து யாரோ ஒருவருடைய இன்சூரன்ஸ் பிரீமியத்தைக் கணக்குப் போடுகிறது. அதற்கும் உங்கள் வீட்டுப் பிரின்டர் தாளை மென்று துப்புவதற்கும் சம்பந்தம் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுவது உறவுக்கு நல்லது. (ஏ பிளாக் மாமி, உங்களுடையதில் இங்க் தீர்ந்திருக்கிறது. அவ்வளவுதான்.)

என் லேப்டாப் ஒரு பழைய திங்க்பேட். ஏதோ ஒரு கம்பெனி தீர்ந்தது என்று கழித்துவிட்ட சரக்கு. ரிச்சி ஸ்ட்ரீட்டில் பேரம் பேசி வாங்கியது. சம்பாதிக்கிறவன் புதுசு வாங்கினால் என்ன என்பது அம்மாவின் கேள்வி. இப்போது வரும் புதுசுகள் பலவற்றில் ராமை போர்டோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுகிறார்கள். பழையதில் நாலு திருகைக் கழற்றினால் ராம், டிஸ்க், பேட்டரி எல்லாம் கையோடு வரும். கெட்டுப்போனால் மாற்றலாம். கெடாதபோதும் கழற்றிப் பார்க்கலாம். நான் வாங்கியது இரண்டாவதற்காகத்தான்.

அதன் கீபோர்டில் ஜி, ஹெச், பி எழுத்துகளுக்கு நடுவே ஒரு சிவப்புக் குமிழ் உண்டு. விரலால் தள்ளினால் திரையில் அம்பு நகரும்; மவுஸ் வேண்டியதில்லை. 1992-ல் ஐபிஎம் முதல் திங்க்பேடைக் கொண்டுவந்த நாளிலிருந்து அது அங்கேயேதான் இருக்கிறது. ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமுமாக வந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, “இதுக்கு யாருடா ஏற்கெனவே பொட்டு வச்சது?” என்றாள். குங்குமத்தை விட்டுவிட்டுச் சந்தனத்தை மட்டும் அதன் நெற்றியில் வைத்தாள். லேப்டாப்பின் நெற்றியில் இருப்பது கேமரா. அடுத்த திங்கட்கிழமை மீட்டிங்கில், சென்னையில் பனிமூட்டமா என்று மேனேஜர் விசாரித்தார்.

உள்ளே ஓடுவது டெபியன் லினக்ஸ். 1993-ல் இயன் மர்டாக் தொடங்கியது. காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் ஒட்டவைத்தார். பல நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்து பராமரிக்கிறார்கள், காசு கிடையாது. ஒவ்வொரு பதிப்புக்கும் ‘டாய் ஸ்டோரி’ படத்துப் பாத்திரத்தின் பெயர் வைப்பது வழக்கம். 2023-ல் வந்தது புக்வர்ம், 2025-ல் டிரிக்ஸி. இன்னும் பக்குவப்படாத, எந்த நேரமும் கவிழக்கூடிய பதிப்புக்கு மட்டும் நிரந்தரமாக சிட் என்று பெயர். படத்தில் பொம்மைகளைப் பிய்த்துப்போடும் பக்கத்து வீட்டுப் பையன் அவன். நான் வைத்திருப்பது சிட். வேலைக்கு டிரிக்ஸி தாராளமாகப் போதும். ஆனால் எதுவுமே கெடாத கணினியை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது?

நிரல் எழுதுவது விம் என்ற எடிட்டரில். எங்கள் ஆட்கள் அம்புக்குறி விசைகளைத் தொட மாட்டார்கள். ஹெச் இடது, ஜே கீழே, கே மேலே, எல் வலது. 1976 வாக்கில் பில் ஜாய் என்ற பெர்க்லி மாணவர் இதன் மூதாதையான விஐ-யை எழுதியபோது, அவரிடம் இருந்த ஏடிஎம்-3ஏ டெர்மினலில் அந்த நாலு எழுத்துகளின் மேல்தான் அம்புகளை அச்சடித்திருந்தார்கள். அந்த இயந்திரம் மியூசியத்துக்குப் போய்விட்டது. தாத்தா காலத்தில் குறுக்கே வந்த பூனையைக் கவிழ்த்தார்கள் என்று, நாங்கள் இன்னும் திவசத்தன்று பூனையைத் தேடிப்பிடித்துக் கூடையில் கவிழ்த்துக்கொண்டிருக்கிறோம்.

லேப்டாப்பிலேயே கீபோர்டு இருக்க, மேசையில் இன்னொன்று எதற்கு? அது மெக்கானிக்கல். ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனி ஸ்விட்ச், தனி ஸ்பிரிங். நீலம், பழுப்பு, சிவப்பு என்று ரகம் உண்டு. சிவப்பு வாயைத் திறக்காது. நீலம் தட்டுக்குத் தட்டு ‘டக்’கென்று பதில் சொல்லும். நான் நீலம். ஒரு நாள் இரண்டாவது மாடி ரிடையர்டு சார் மேலே வந்து, வீட்டில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துகிறேனா என்று கேட்டார். சண்டைக்குத்தான் வந்தார், கீபோர்டைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் பாஸ். என் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே இங்கிலீஷில் ஒரு பக்கம் அடித்தார். வரி முடிகிற இடத்தில் எல்லாம் இடது கை தானாக எழுந்து, இல்லாத கேரேஜைத் தள்ளியது.

தமிழுக்கு வந்ததும் தடுமாறினார். நான் பழகியது தமிழ்99, 1999-ல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை. உயிரெழுத்துகள் இடது கைப்பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலது கைப்பக்கம். ஒரே எழுத்தை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழும். அ, ம, ம, ஆ என்று நாலே தட்டில் ‘அம்மா’ வந்துவிடும். “புள்ளிய நாமதான்பா வைக்கணும். மெஷினுக்கு என்ன வேலை?” என்றார். ஆனாலும் அன்றிலிருந்து சத்தத்தைப் பற்றிப் புகார் இல்லை. என் வேகம் போதாது என்று மட்டும் அவ்வப்போது கீழேயிருந்து சொல்லியனுப்புகிறார்.

இடையில் ஒன்று. இந்தக் கட்டுரை இத்தனை எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்று செயலாளர் சார் வரம்பு வைத்திருக்கிறார். எந்தக் கணக்கில் என்று சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் ‘தமிழ்’ மூன்றெழுத்து. பைத்தானைக் கேட்டால் ஐந்து என்று சொல்லும்: த, ம, கொக்கி, ழ, புள்ளி. யூனிகோடில் கொக்கிக்கும் புள்ளிக்கும் தனித்தனி எண். நான் பள்ளிக்கூடத்தின் பக்கம். அதில் இடம் அதிகம்.

பொழுதுபோக்கு என்று கேட்டால், ராஸ்பெர்ரி பை. ஏடிஎம் கார்டு அளவில் ஒரு குட்டிக் கணினி. பிள்ளைகள் நிரல் பழகட்டும் என்று பிரிட்டனில் உருவாக்கி, 2012-ல் விற்பனைக்கு விட்டார்கள். அதோடு ஒரு சென்ஸரைச் சேர்த்து நம் தண்ணீர்த் தொட்டி மூடியின் அடியில் மாட்டியிருக்கிறேன். காதுக்குக் கேட்காத 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அது விடும். தண்ணீரில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கும். தண்ணீர் ஒரு மீட்டர் கீழே இருந்தால் போய்வர சுமார் 6 மில்லிசெகண்டு. தொட்டி நிரம்பப் போகிறது என்றால் என் போனுக்குச் செய்தி வரும். முதல் செய்தி வந்ததும் பரவசத்தோடு வாட்ச்மேன் அண்ணனைக் கூப்பிட்டு மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். “அப்பவே நிறுத்திட்டேன் தம்பி” என்றார். தொட்டி நிறைய நிறைய, குழாயிலிருந்து தண்ணீர் விழுகிற சத்தம் மாறுமாம். அவரும் ஒலியை வைத்துத்தான் அளக்கிறார். மழைக்காலத்தில் சென்ஸர் மேல் ஈரம் படிந்து வாய்க்கு வந்ததைச் சொல்லும். அது சொல்வது சரியா என்று அவரிடம்தான் கேட்டுக்கொள்கிறேன்.

மொட்டை மாடியில் ராத்திரி கம்பியும் கையுமாக நின்றது யார் என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு விவாதம் ஓடியதே, அது நான்தான். சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றுகிறது. அங்கே இருப்பவர்கள் சில நாட்களில் அமெச்சூர் ரேடியோவில் பள்ளிப் பிள்ளைகளோடு பேசுவார்கள். நம் பக்கம் கடக்கும்போது பேசினால் 145.8 மெகாஹெர்ட்ஸில் கேட்கலாம். டிவி பார்க்கவென்று செய்த ஒரு யூஎஸ்பி டாங்கிளும், அரை மீட்டர் அலுமினியக் கம்பி இரண்டும் இருந்தால் போதும். கேட்பது மட்டும்தான். திருப்பிப் பேச வேண்டுமானால் மத்திய அரசின் தேர்வெழுதி, வி.யூ. என்று தொடங்கும் அழைப்புக்குறி வாங்க வேண்டும், படித்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே அது செல்போன் டவர் அல்ல, குருவிகளுக்கு அதனால் ஆபத்தில்லை, நான் எந்த நாட்டுக்கும் தகவல் அனுப்பவில்லை.

இதில் ஒரே சிக்கல், இரவு எட்டு மணிக்கு மாடிக் கதவைப் பூட்டிவிட வேண்டும் என்று பொதுக்குழுத் தீர்மானம் இருக்கிறது. விண்வெளி நிலையத்தை அந்தப் பொதுக்குழுவுக்குக் கூப்பிடவில்லை. சாவி வேண்டுமென்றால் நோட்டில் பெயர், வீட்டு எண், காரணம் எழுத வேண்டும். நோட்டைப் பார்த்தேன். துணி, வற்றல், டிஷ் ஆன்டெனா தவிர வேறு காரணம் எழுதிச் சாவி வாங்கியவர் யாரும் இல்லை. “வத்தல்னு எழுதிடுங்க தம்பி, யாரும் கேக்க மாட்டாங்க” என்கிறார் வாட்ச்மேன் அண்ணன். அம்மாவிடம் கொஞ்சம் சுண்டைக்காய் கேட்டிருக்கிறேன். ராத்திரி ஒன்பது மணிக்கு என்ன வற்றல் என்று செயலாளர் சார் கேட்காமல் இருக்க வேண்டும்.