பெங்களூர்வாசிகளின் இயந்திரோபசாரம்: ஓர் ஆராய்ச்சி

சமுத்திர மட்டத்துக்கு ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் அமைந்து, அந்த உயரத்தின் விசேஷத்தால், சேலத்திலிருந்தும் வேலூரிலிருந்தும் வந்து குடியேறிய ஜனங்களுக்குக்கூடச் சீதோஷ்ணத்தைப் பற்றி ஒரு தனிக் கர்வத்தை உண்டாக்கிவிடும் பெங்களூர் நகரத்தில், மார்கழி, தை மாதங்களில் கார் வைத்திருக்கும் கிருகஸ்தர்கள் விடாமல் அனுஷ்டித்துவரும் ஒரு நித்திய கர்மம் உண்டு. எஞ்சினைக் கிளப்பிவிட்டு, எங்கும் போகாமல், அது சூடேறும்வரை பக்கத்தில் நின்றுகொண்டிருப்பதே அது. இவ்வளவு பிரசித்தமான கர்மத்துக்கு ஒரு பாஷ்யம்கூட இல்லாதிருப்பது நம் பண்டிதர்களுக்குக் கௌரவமன்று.

முதற்கண் குளிரின் பிரமாணத்தை நிச்சயிப்போம். இந்நகரில் பதிவான மிகக் குறைந்த உஷ்ணநிலை 7.8 டிகிரி, அது 1884-ஆம் வருஷம் ஜனவரி 13-ஆம் தேதி. கார்ல் பென்ஸ் தம்முடைய பெட்ரோல் வண்டிக்குக் காப்புரிமை கோரியதோ 1886-இல். ஆகவே எஞ்சினைச் சூடேற்றச் சற்றேனும் நியாயமிருந்த தினத்தில் சூடேற்றுவதற்கு எஞ்சின் இல்லை. இக்காலத்து மார்கழி விடியலில் பாதரசம் பெரும்பாலும் 15 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. டீசலே மெழுகு கட்டிவிடும் லடாக்குக்கென்று, மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத டீசலை இந்தியன் ஆயில் 2019-இல் கொண்டுவந்தது. அல்சூர்வாசி அந்தச் செய்தியை ஸ்வெட்டரும் குல்லாயுமாக வாசித்து, சக தியாகியைக் கண்டவர்போல் தலையசைத்தார்.

இனிப் பூர்வபட்சம். அம்பாஸடரும் பத்மினியும் ஆண்ட கார்புரேட்டர் யுகத்தில் இந்தக் கர்மத்துக்கு ஆதாரம் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாமல், போகும் வழியிலேயே குழாய்ச் சுவரில் ஈரமாய்ப் படிந்துவிடும்; ஆகையால் சோக்கை இழுத்துக் காற்றைக் குறைத்து, கலவையில் பெட்ரோலின் விகிதத்தை உயர்த்தவேண்டும். இழுத்தது குறைந்தால் வண்டி திக்கும். கூடினால் பிளக் நனைந்துவிடும். நனைந்த பிளக்கைக் கழற்றித் துடைத்து, அடுப்பில் காட்டி உலர்த்தி மாட்டுவதற்குள் பேட்டரி இறங்கிவிட்டிருக்கும். அப்புறம் இரண்டாவது கியரில் போட்டு கிளட்சை மிதித்தபடி தகப்பனார் உட்கார, குடும்பமே பின்னால் நின்று தள்ளும். அத்தனை பாடுபட்டுக் கிளப்பியதை உடனே ஓட்டிச் சென்று முச்சந்தியில் அணையவிட யாருக்குத்தான் மனம் வரும்?

2000-ஐ ஒட்டிப் புகைக் கட்டுப்பாடுகளின் நிமித்தம் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் முறை பரவியதும் இந்த வாதம் அடிபட்டுப்போயிற்று. சூட்டை அளந்து, அதற்கேற்பப் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் வேலையை இப்போது ஒரு சென்சாரும் ஒரு சிறு கணினியும் பார்த்துக்கொள்கின்றன. ஆயில் மேலேறி வர அரை நிமிஷம் போதும். பிறகு ரேஸ் கொடுக்காமல் மெதுவாக ஓட்டினால், நிறுத்திவைத்ததைக் காட்டிலும் சீக்கிரமாகவே எஞ்சின் சூடேறும். குளிர்ந்த நிலையில் வெகுநேரம் ஐடிலில் விட்டாலோ, மிகுதிப் பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிவிடும். ஜே.சி. ரோட்டு மெக்கானிக் ஒருவர் இதையே சூத்திர வடிவில் சொன்னார்: "நிக்க வெச்சு சுட வெக்க அது என்ன பாய்லரா சார்? ஓட்டினா தானா சூடாயிடும்."

ஆயினும் கர்மம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. புகை நேரே தம் ஜன்னலுக்குள் வருவதாகக் கீழ் வீட்டு அம்மாள் முறையிட்டும் பயனில்லை. அவதானித்தவரையில், கர்த்தாவின் ஒரு கையில் காபி டம்ளர் இருக்கிறது; வீட்டுக்குள்ளே குழந்தைகளுக்கு ஷூ மாட்டும் யுத்தம் நடக்கிறது; "வண்டி சூடாகணும்" என்ற ஒரு வாக்கியம் அவரை அதிலிருந்து பூரணமாக விடுவிக்கிறது. எஞ்சினுக்கும் இதற்கும் சம்பந்தமுண்டா என்பதை நிர்ணயிக்க எஞ்சினே இல்லாத வண்டியைப் பரிசோதிப்பதே உசிதம். 2001-இல் ரேவா என்னும் மின்சாரக் காரை உற்பத்தி செய்து வெளியிட்ட ஊராகையால் இங்கே அதற்குப் பஞ்சமில்லை. எங்கள் தெருவிலும் சமீபத்தில் ஒருவர் மின்சார வண்டி வாங்கினார்; சோக்கு இல்லை, புகை இல்லை, சூடேற்ற ஒன்றுமே இல்லை. காலையில் அவரும் டம்ளருடன் வெளியே வந்து, வண்டிக்குப் பக்கத்தில் நின்று, பனி படிந்த கண்ணாடியை வெகு நிதானமாகத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.