கோடைப் பயிற்சியில் எஞ்சும் ஏழு நிமிடம்: ஓர் ஆய்வு

புதிதாகப் பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியர் ஒருவர் தம் முதல் மே மாதத்தில் என்ன கற்கிறார், அதை யாரிடமிருந்து கற்கிறார் என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட பொருள். கோடை விடுமுறையில் மாணவர்கள் எதையெல்லாம் மறக்கிறார்கள் என்று உலகமெங்கும் அளந்து பார்த்துவிட்டார்கள். அதே விடுமுறையில் ஆசிரியர் தலையில் என்ன ஏறுகிறது என்று அளக்கத்தான் ஆளில்லை. அந்தக் குறையை இக்கட்டுரை போக்கும்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ஆசிரியர் ஒருவரே. அவர் ஆய்வாளருடைய தங்கை. மாதிரி போதாது என்று புள்ளியியலார் முகம் சுளிக்கலாம். ஆனால் மாதிரியோடு ஒரே வீட்டில் குடியிருந்து, காலையில் மாதிரியை ஸ்கூட்டரில் கொண்டுபோய்ப் பேருந்து நிறுத்தத்தில் விட்டு, மாலையில் மாதிரியின் புலம்பலைக் காபி ஆறுமுன் கேட்டுக்கொள்ளும் வசதி பெரிய பெரிய ஆய்வுகளுக்கு வாய்ப்பதில்லை.

கோட்பாடு

இத்துறையின் மூல நூல் பவணந்தி முனிவரின் நன்னூல். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இலக்கணம் எழுத உட்கார்ந்தவர், எழுத்து, சொல் பக்கம் போவதற்கு முன்பே, பாயிரத்தில், பாடம் சொல்லத் தகுந்தவர் யார், கேட்கத் தகுந்தவர் யார் என்பதைத் தீர்த்துவிட்டுத்தான் மேலே நகர்கிறார். அங்கே ஒரு பின்னக் கணக்கு வருகிறது. ஆசிரியர் சொல்வதை எத்தனை ஒழுங்காகக் கேட்டாலும் மாணவருக்கு ஏறுவது கால் பங்குதான். உடன் பயில்பவர்களோடு பேசிப் பழகினால் இன்னொரு கால் சேரும். மிச்சமுள்ள அரைப் பங்கு, கற்றதைத் தானே இன்னொருவருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் கிடைக்கும்.

இந்தப் பின்னத்தை இன்றைய பயிற்சி முறையில் பொருத்திப் பார்த்தவர் எவருமிலர் என்பது வியப்பு. சென்னை கல்லூரிச் சாலையில் கையேடு தயாராகிறது. தயாரித்தவர்கள் மாநிலக் கருத்தாளர்களுக்குச் சொல்கிறார்கள். மாநிலக் கருத்தாளர்கள் மாவட்டக் கருத்தாளர்களுக்கு, அவர்கள் வட்டாரக் கருத்தாளர்களுக்கு, வட்டாரக் கருத்தாளர்கள் கடைசியாக, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கும் ஆசிரியர்களுக்கு. ஆக, நான்கு கைமாற்றம். ஒவ்வொரு கைமாற்றத்திலும் கால் பங்குதான் தேறும் என்றால், கடைசி பெஞ்சுக்கு வந்து சேர்வது 256இல் 1 பங்கு.

ஐந்து நாள் பயிற்சி, நாளுக்கு ஆறு மணி நேரம் என்று கொண்டால் மொத்தம் 1800 நிமிடம். அதை 256ஆல் வகுத்தால் ஏழு நிமிடமும் கொசுறும் வரும். ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்கு 50 மணி நேரம் பயிற்சி பெற வேண்டும் என்கிறது 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை. அந்த வகையில் பார்த்தாலும் பன்னிரண்டு நிமிடத்தைத் தாண்டாது. பயிற்சியே வீண் என்று சொல்ல வரவில்லை. அந்த ஏழு நிமிடம் ஐந்து நாளில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால்தான் ஐந்து நாளும் உட்கார வேண்டியிருக்கிறது.

ஏழு நிமிடத்தைத் தேடி

முதல் நாளில் அது இல்லை. தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்பு, அறிமுகம், முன் தேர்வு, முற்பகல் வருகைக் கையொப்பம், பிற்பகல் வருகைக் கையொப்பம், இரண்டுக்கும் நடுவே போனில் ஒரு படிவம் என்று நாள் முடிந்துவிட்டது. மழைக் கைதட்டல் ஒன்று நடந்தது. ஒரு விரலால் தட்டினால் தூறல், இரண்டு விரல் என்றால் சாரல், உள்ளங்கை முழுதும் சேர்ந்தால் அடைமழை. வெளியே கத்திரி வெயில் தகரக் கொட்டகையை உரித்துக்கொண்டிருக்க, உள்ளே அரசு ஊழியர்கள் அடைமழை பெய்வித்தார்கள்.

இரண்டாம் நாள் ப்ளூம் வந்தார். பெஞ்சமின் ப்ளூம் 1956இல் கல்வி நோக்கங்களை வகைப்படுத்தியவர். அவருடைய படிநிலைகள் இல்லாத பயிற்சியை இனிமேல்தான் யாராவது நடத்த வேண்டும். ஆனால் பயிற்சிகளுக்கு அழைக்கப்படுவது எப்போதும் 1956ஆம் ஆண்டு ப்ளூம்தான். 1984ஆம் ஆண்டு ப்ளூம் என்று இன்னொருவர் இருக்கிறார். ஒரு பிள்ளையை ஒருவரே அருகில் உட்கார்த்தி, பிடிபடும்வரை விடாமல் சொல்லிக்கொடுத்தால், அப்படிப் படித்த நடுத்தரப் பிள்ளை, வழக்கமான வகுப்பில் படிக்கும் 98 சதவீதம் பேரைத் தாண்டிவிடும் என்று எழுதியவர் அவர். பின்னால் சோதித்தவர்களுக்கு அவ்வளவு பெரிய வித்தியாசம் கிடைக்கவில்லை. கிடைத்ததும் சிறியதல்ல. இந்த ப்ளூமைக் கூப்பிட்டால் வகுப்புக்கு முப்பது பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் சங்கடப்படுவார்கள் என்பதால் விட்டிருப்பார்கள் போலும். அவரைப் பின்னால் சந்திப்போம்.

மூன்றாம் நாள் முற்பகலில் ஒரு கருத்தாளர், “எல்லாரும் இடது கையால உங்க பேரை எழுதுங்க சார், எழுதுங்க மேடம்” என்றார். அதுவரை பேச்சும் விசிறலுமாக இருந்த அறை அடங்கிப்போனது. நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார்கள். கோடு மேலே ஏறியது, சுழி பிய்ந்தது. யாரும் திட்டப்போவதில்லை என்று தெரிந்தும், இருபது வருட அனுபவமுள்ள ஓர் ஆசிரியை பக்கத்தில் இருப்பவர் பார்த்துவிடாமல் நோட்டைக் கையால் மறைத்துக்கொண்டார். “ஒண்ணாம் வகுப்புல ஒரு பிள்ளை நோட்டை மறைச்சா இனிமே பிடுங்கிப் பாக்காதீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கருத்தாளர் அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார். அன்று மாலை மாதிரி வீட்டில் சொன்னது இந்த ஒன்றைத்தான். எவ்வளவு நேரம் நடந்தது என்று ஆய்வாளர் விசாரித்தார். “ஒரு ஆறேழு நிமிஷம் இருக்கும், ஏண்ணா?” என்றது மாதிரி. சூத்திரம் மெய்ப்பிக்கப்பட்டது.

பங்கேற்பாளர் வகைமை

நன்னூல் மாணாக்கரை எட்டு வகையாக உவமித்துத் தலை, இடை, கடை எனப் பிரிக்கிறது. ஆசிரியர்களே மாணாக்கராக உட்காரும்போது இந்த எட்டும் அச்சுப் பிசகாமல் வந்து அமர்கின்றன. பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம், ஐந்து நாளில் கையேட்டின் எந்தப் பக்கம் ஜூனில் உண்மையிலேயே தேவைப்படும் என்று கண்டுபிடித்து அதை மட்டும் போனில் படமெடுத்துக்கொள்கிறது. பசு வகையினர் உள்ளே வாய் திறப்பதில்லை. திரும்பும் பேருந்தில் ஊர் வரும்வரை அசைபோடுகிறார்கள். உழைத்த அளவுக்கு விளையும் மண் வகை, கருத்தாளர் நல்லவராக அமைந்தால் நன்றாகவே விளைகிறது. கிளிகள் கேட்டதை ஓர் எழுத்துக் குறையாமல் திருப்பிச் சொல்வார்கள். அடுத்த ஆண்டுக் கருத்தாளர் பட்டியல் பெரும்பாலும் இங்கிருந்துதான் தயாராகிறது.

கடை வகையில் ஓட்டைக் குடமும், செடிக்குச் செடி தாவி மேயும் ஆடும் வெளிப்படை, விளக்க வேண்டியதில்லை. நீரைக் கலக்கிவிட்டுக் குடிக்கும் எருமை மட்டும் மறுபரிசீலனைக்கு உரியது. அறிமுகம் முடிந்த கையோடு எழுந்து, பயணப்படி உண்டா, விடுமுறையில் வந்ததற்கு ஈடுசெய் விடுப்பு உண்டா, பழைய ஓய்வூதியம் என்னாயிற்று என்று கேட்பவர் இவர். கருத்தாளரிடம் மூன்றுக்கும் பதில் இல்லை. குளம் கலங்கத்தான் செய்கிறது. ஆனால் மற்ற ஏழு வகையினரும் மனதுக்குள் அவருக்கு நன்றி சொல்கிறார்கள் என்பதைப் பவணந்தியார் கவனிக்க வாய்ப்பில்லாமல் போயிற்று. நெய்யை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும் நெய்யரிக்கு, மதியச் சாப்பாட்டில் எந்த நாள் எந்தப் பொரியல் என்பது ஆண்டுக்கணக்கில் நினைவிருக்கும்.

ஒன்பதாவதாக ஒரு வகையை இவ்வாய்வு முன்மொழிகிறது: ஓய்வுக்கு அருகில் இருப்பவர். செயல்வழிக் கற்றலில் அட்டையும் ஏணியும் வந்தபோது பயிற்சிக்குப் போனவர். 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்து பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிந்தபோதும் போனவர். இவர் எதையும் எதிர்ப்பதில்லை. எதையும் குறித்துக்கொள்வதுமில்லை. தேநீர் இடைவேளையில் மட்டும் பேசுவார். நன்னூல் சொல்லும் இரண்டாவது கால் பங்கு இவரிடம்தான் இருக்கிறது.

பிரிவு 28உம் முருங்கைக்காயும்

இனி அந்த அரைப் பங்கு. அதே மே மாதத்தில், மாலை நேரங்களில், பக்கத்து வீட்டுப் பையன் எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்தான். மூன்றாம் வகுப்பு முடித்தவன். தங்கை பிற பிள்ளைகளுக்கு டீச்சர். இவனுக்குப் பிறந்ததிலிருந்து அக்கா.

இங்கே ஒரு சட்டச் சிக்கலைத் தீர்த்தாக வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 28ஆம் பிரிவு, ஆசிரியர் எவரும் தனிப்பயிற்சியோ தனியார் போதனையோ நடத்தக் கூடாது என்கிறது. தயிர் உறைக்கு வந்த பையன் போகிற போக்கில் கழித்தல் கணக்கில் சந்தேகம் கேட்பது போதனையா? பையனின் தாயார் அவ்வப்போது கொடுத்தனுப்பும் முருங்கைக்காய் கட்டணமா? ஆய்வாளரின் தீர்ப்பு: அந்த மரம் எங்கள் சுவர்ப் பக்கம் சாய்ந்து வளர்ந்தது. தங்கை ஆசிரியர் தேர்வுக்குப் படிக்கத் தொடங்குவதற்கு முன்பிருந்தே அந்தக் காய் எங்கள் சாம்பாரில் உண்டு. ஆகவே கட்டணம் ஆகாது. திண்ணைக்குச் சட்டம் ஏறவில்லை.

பையன் 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று எழுதினான். கவனக்குறைவு என்று நினைத்துத் தங்கை இன்னொன்று கொடுத்தாள். 61இல் 38 போக 37 என்றான். மூன்றாவதும் அப்படியே. தகுதித் தேர்வும், அதற்குமேல் நியமனத் தேர்வும் எழுதித் தேறி வந்தவள் திண்ணையில் திகைத்து உட்கார்ந்தாள். பையனிடமே கேட்டாள்.

“ஏன்டா, ரெண்டுல ஏழு போகாதே?”

“அதனாலதான்க்கா ஏழுல ரெண்ட எடுத்தேன். பெருசுல இருந்து சின்னதத்தான் கழிக்கணும்னு டீச்சர் சொல்லியிருக்காங்க.”

பையன் தவறு செய்யவில்லை, கீழ்ப்படிந்திருக்கிறான். பிரவுன், பர்ட்டன் என்ற இருவர் 1978இல் காட்டியதும் இதைத்தான். கழித்தலில் பிள்ளைகள் செய்யும் பிழைகளில் பல கண்டபடி வருவதில்லை. தங்களுக்குள் ஒரு விதியை வைத்துக்கொண்டு அதை ஒழுங்காகப் பின்பற்றுகிறார்கள். விதிதான் கோணல். முப்பது நோட்டுகளைச் சிவப்பு மையால் திருத்தும்போது அது பெருக்கல் குறியாக மட்டுமே கண்ணில் படும். ஒரே ஒரு பையன் எதிரில் உட்கார்ந்து மூன்று தடவை ஒரே மாதிரி தப்பாகப் போட்டால்தான் விதி வெளியே வரும். 1984ஆம் ஆண்டு ப்ளூம் எங்கள் திண்ணைக்கு இவ்வாறு வந்து சேர்ந்தார்.

அவள் வழக்கப்படி விளக்கினாள்: இரண்டில் ஏழு போகாது, பக்கத்து ஐந்திடம் ஒன்று கடன் வாங்கு. பையன் கொஞ்சம் யோசித்தான். அவன் அப்பா பெட்டிக்கடை வைத்திருக்கிறார்.

“கடன எப்பக்கா திருப்பிக் குடுப்போம்?”

கையேட்டில் இதற்கு விடை இல்லை. பின் தேர்விலும் இக்கேள்வி இடம்பெறவில்லை.

நான்காம் நாள் தேநீர் இடைவேளையில், அட்டைக் கப்பும் இரண்டு பிஸ்கட்டுமாக நின்ற கூட்டத்தில் தங்கை இதைக் கேட்டிருக்கிறாள். கிளி வகையினர் ஒருவர் கையேட்டுப் பக்க எண்ணைச் சொன்னார். இன்னொருவர், பையன் கெட்டிக்காரன், நவோதயா தேர்வுக்குத் தயார் பண்ணுங்கள் என்றார். ஒன்பதாம் வகையினரான மூத்த ஆசிரியர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துத் தின்று முடித்துவிட்டுச் சொன்னார்: “கடனெல்லாம் வேணாம் டீச்சர். தென்னங்குச்சி எடுத்துப் பத்துப் பத்தா ரப்பர் பேண்டு போட்டுக் குடுங்க. அஞ்சு கட்டு, ரெண்டு உதிரி. இருபத்தேழ எடுத்துத் தாடான்னு கேளுங்க. அவனே ஒரு கட்டைப் பிரிப்பான். பிரிக்கிற வரைக்கும் நீங்க பேசாதீங்க. அதுதான் கஷ்டம்.”

அன்று மாலை அப்படியே செய்தாள். பையன் இரண்டு கட்டை எடுத்து வைத்தான். ஏழு வேண்டும், கையில் இருக்கும் உதிரி இரண்டுதான். கட்டையும் உதிரியையும் மாறி மாறிப் பார்த்தான். தங்கை வாயைத் திறக்கப்போய், கையால் பொத்திக்கொண்டதை ஆய்வாளர் நேரில் கண்டார். பையன் ரப்பர் பேண்டைப் பல்லால் இழுத்து அவிழ்த்தான். மிச்சத்தை எண்ணி 25 என்றான். பழைய 35ஐத் தானே அடித்துவிட்டு, அடுத்த கணக்கைக் கேட்டான்.

ஆய்வுக்கு எழுந்த எதிர்ப்புகள்

பயிற்சி முடிந்தது. சான்றிதழ் வந்தது. பையன் மட்டும் நிற்கவில்லை. 502இலிருந்து 27ஐ எப்படிக் கழிப்பது என்று கேட்டிருக்கிறான். பிரிப்பதற்குப் பத்துக் கட்டே இல்லாத எண் அது. தங்கை மூத்த ஆசிரியருக்குப் போன் செய்தாள். நூறு குச்சியை ஒரே கட்டாகக் கட்டச் சொல்லி, முதலில் அதைப் பத்துக் கட்டாகப் பிரிக்கச் சொன்னார் அவர். ஆக 502 குச்சி வேண்டும். ஐம்பத்திரண்டு குச்சிக்கே திண்ணை கூட்டும் விளக்குமாறு பாதியாகியிருந்தது. இப்போது கொல்லை விளக்குமாற்றின் மேல் தங்கையின் கண் விழுந்தது. இந்நிலையில் அம்மா ஆய்வில் குறுக்கிட்டுத் தம் எதிர்ப்பைச் சற்று உரக்கவே பதிவுசெய்தார்.

இவ்வாய்வுக்கு ஆய்வாளரின் சொந்தப் பங்களிப்பு இவ்விடத்தில்தான் அமைகிறது. 502க்குப் பதில் 102 என்று வைத்துக்கொண்டாலும் அதே பூஜ்ஜியம் நடுவில் நிற்கும். அதே கட்டைத்தான் பிரிக்க வேண்டும். 400 குச்சி மிச்சம். அம்மா இதை ஏற்றுக்கொண்டார். நூற்றிரண்டையும் எண்ணித் திருப்பித் தர வேண்டும் என்பது நிபந்தனை.