இன்னும் ரெண்டே செமஸ்டர்

நியூஜெர்சியின் எடிசனாகட்டும், டல்லாஸ் பக்கத்து ஃப்ரிஸ்கோவாகட்டும், தமிழ்க் குடும்பங்கள் பத்து சேர்ந்தால் அங்கே இவர் ஒருவராவது இருப்பார். வயது இருபத்திமூன்று, இருபத்திநாலு. கையில் ஏற்கெனவே ஒரு டிகிரி. படித்துக்கொண்டிருப்பது இன்னொன்று. சேரப்போவது மெடிக்கல் காலேஜ். எப்போது என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டுவிட்டால், தட்டில் இருக்கும் புளியோதரையைக் கிளறிக்கொண்டே, "இன்னும் ரெண்டே செமஸ்டர், அங்கிள்" என்பார். போன பொங்கலுக்கும் ரெண்டு செமஸ்டர்தான் பாக்கி இருந்தது.

ஊரில் இருப்பவர்களுக்கு இது புரிவது கஷ்டம். அங்கே பிளஸ் டூ, நீட், ஐந்தரை வருடம், டாக்டர். இங்கே முதலில் நாலு வருடம் ஏதாவது ஒரு டிகிரி, அப்புறம் நாலு வருடம் மருத்துவம், அதற்கும் அப்புறம் மூன்றிலிருந்து ஏழு வருடம் ரெசிடென்சி. 1893-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளியைத் திறந்தபோதே, டிகிரி இல்லாதவர் உள்ளே வர வேண்டாம் என்றுவிட்டார்கள். 1910-ல் வந்த ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னரின் அறிக்கையும் அந்தப் பள்ளியைத்தான் முன்மாதிரியாகக் காட்டியது. ஆனால் அவர்கள் கேட்டது ஒரே ஒரு டிகிரி. அதுவும் எதில் வேண்டுமானாலும் இருக்கலாம். உயிரியல், வேதியியல், இயற்பியல் என்று விதித்த பாடங்களை லேபோடு முடித்திருந்தால், சங்கீதம் படித்தவரும் டாக்டராகலாம், தத்துவம் படித்தவரும் ஆகலாம். நம்மாள் படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ். அதுவே போதும். இவருக்குத்தான் போதவில்லை.

கும்பகோணத்துப் பாட்டி வீடியோ காலில் வருவார்.

"எதிர்வீட்டுப் பொண்ணு எம்.பி.பி.எஸ். முடிச்சு, கிளினிக்கும் போட்டுட்டாடா கண்ணா. நீ எப்ப ஊசி போடுவே?"

"முதல்ல சைக்காலஜியை முடிச்சிடறேன் பாட்டி."

"அது எந்த வியாதிக்குடா?"

இந்த இடத்தில் சிக்னல் போய்விடும். எப்போதும் சரியாக இந்த இடத்தில்தான் போகும்.

நம்மாளின் உண்மையான சொத்து லேப்டாப்பில் இருக்கும் எக்செல் ஷீட். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய மனது பண்ணி எனக்குத் திறந்து காட்டினார். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கட்டங்கள். இடதுபக்கம் "முடித்தால்", வலதுபக்கம் "விட்டால்". நடுவில் ஜி.பி.ஏ. கணக்கு. 120 கிரெடிட்டில் 3.4 வைத்திருக்கிறார். இரண்டாவது டிகிரிக்கு இன்னும் 30 கிரெடிட். முப்பதிலும் முழுசாக 'ஏ' வாங்கினால் மொத்தம் என்ன ஆகும்? 3.52. ஒரு வருடம் தூங்காமல் படித்து, ஒரு இடத்திலும் வழுக்காமல் இருந்தால், புள்ளிக்குப் பின்னால் ஒரு பன்னிரண்டு ஏறும். சேருகிறவர்களின் சராசரியோ 3.8-ஐ ஒட்டி நிற்கிறது. "ஆனா டிரெண்டு மேல போகுது பாருங்க அங்கிள்" என்றார். போகத்தான் போகிறது. முதல் இரண்டு வருடம் சறுக்கியவர்களுக்கு இந்த ஏற்றம் நிஜமாகவே உதவும், அதை மறுக்கவில்லை. இவர் அப்படியொன்றும் சறுக்கியவர் இல்லை.

மெடிக்கல் காலேஜ் நுழைவுத் தேர்வான எம்கேட்டையும் ஒரு தடவை எழுதியாகிவிட்டது. 472-ல் தொடங்கி 528-ல் முடிகிற விசித்திரமான மதிப்பெண். இடைவேளையெல்லாம் சேர்த்து உட்கார வேண்டியது ஏழரை மணி நேரம். அந்த எண்ணைக் கேட்டதுமே அம்மா திருநள்ளாறுக்கு வேண்டிக்கொண்டார். வேண்டுதல் பலித்தது, நல்ல மார்க்கே வந்தது. ஆனால் பல கல்லூரிகள் இரண்டு மூன்று வருடத்துக்கு மேற்பட்ட எம்கேட்டை ஏற்பதில்லை. இரண்டாவது டிகிரி கைக்கு வரும் நேரம், கையில் இருக்கும் மார்க் காலாவதியாகும். எக்செல்லில் இதற்கும் ஒரு கட்டம் உண்டு. நிறம் மட்டும் இன்னும் கொடுக்கவில்லை.

அப்பா டேட்டாபேஸ் ஆசாமி, அவருடைய கவலை பேக்கப். மருத்துவம் கிடைக்காவிட்டால் கம்ப்யூட்டர் சயின்ஸ், அதுவும் சரிப்படாவிட்டால் சைக்காலஜி என்று பேக்கப்புக்கே பேக்கப் எடுத்து வைத்திருக்கிறார்கள். போன மாதம் என்னை ஓரமாகக் கூட்டிப்போய், "2026 ஜூலையிலேர்ந்து புதுசா லோன் வாங்கற மெடிக்கல் ஸ்டூடன்டுக்கு ஃபெடரல்ல வருஷத்துக்கு 50,000 டாலர்தான் சார், மொத்தமே 2,00,000. இவன் இங்கயே ஃபீஸ் கட்டிட்டிருந்தா நான் எப்ப ரிடையர் ஆறது?" என்றார். பையனிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்டார். பையனிடம் கேட்டால் எக்செல் திறந்துவிடுவான்.

எனக்குத் தோன்றுவது வேறு. இந்த டிகிரி விவகாரத்தில் டிகிரிக்குப் பங்கு குறைவு. பல மெடிக்கல் காலேஜ்களுக்குப் பொதுவான ஆம்காஸ் விண்ணப்பத்தில் ஒரு பெட்டி இருக்கிறது. ஏன் டாக்டராக வேண்டும் என்று 5,300 எழுத்துக்குள் எழுத வேண்டும், இடைவெளியையும் எழுத்தாகவே எண்ணுவார்கள். நம்மாள் ஆஸ்பத்திரியில் வாலன்டியர் வேலை பார்த்தது, லேபில் எலிகளைப் பார்த்துக்கொண்டது எல்லாவற்றையும் பட்டியலில் ஏற்றிவிட்டார். பட்டியலுக்குப் பதினைந்து இடம், பதினைந்தும் ஃபுல். அந்தப் பெட்டி மட்டும் காலி. சைக்காலஜி வகுப்பில் எதைப் படிக்க வேண்டும், எப்போது பரீட்சை, எவ்வளவு மார்க் என்பதை வேறொருவர் சொல்லிவிடுவார். இந்தப் பெட்டிக்கு சிலபஸ் கிடையாது. வருடத்துக்கு ஐம்பதாயிரம் பேருக்கு மேல் விண்ணப்பித்து, சுமார் இருபத்திமூவாயிரம் பேர் சேருகிறார்கள். மீதிப் பேருக்கு வரும் அந்த ஒற்றை வரி இமெயிலுக்கு, இன்னொரு செமஸ்டர் எவ்வளவோ தேவலை. பயப்படுவது தப்பில்லை. அந்தப் பயத்துக்கு டியூஷன் ஃபீஸ் கட்டுவதுதான் கொஞ்சம் ஓவர்.

இதில் பெரிய வேடிக்கை, முடிப்பதா விடுவதா என்கிற கேள்வியே இவருக்குத் தேவையில்லை. ஜூன் மாதம் விண்ணப்பித்தால் கல்லூரியில் சேருவது அடுத்த வருடம் ஜூலை, ஆகஸ்டில். நடுவில் ஒரு வருடம் சும்மா கிடக்கிறது. அதில் எத்தனை செமஸ்டர் அடங்கும்? ரெண்டே செமஸ்டர்! படித்துக்கொண்டிருக்கும் டிகிரி என்று விண்ணப்பத்தில் காட்டிவிட்டால், சேருவதற்கு முன் அதை முடித்துவிட்டு வா என்றுதான் பல கல்லூரிகளும் எதிர்பார்க்கும். ஆக, இப்போதே அனுப்பு, அனுப்பிவிட்டு முடி.

இதை அந்த ஞாயிற்றுக்கிழமையே அவரிடம் சொன்னேன். கண்ணில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. "சூப்பர் அங்கிள், இதை நான் யோசிக்கவே இல்ல" என்று ஷீட்டில் புதிதாக ஒரு பத்தி சேர்த்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "ஆனா ஸ்பானிஷ்ல ஒரு மைனர் எடுத்திருக்கேன். பேஷன்ட்ஸோட பேச யூஸ்ஃபுல்லா இருக்கும். அதுக்கும் சேர்த்தா..." என்று இழுத்தார்.

எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், டிகிரி எப்போது முடியும் என்று கேட்டு அவருக்கு வசதி செய்து கொடுக்காதீர்கள். ஆம்காஸ் மே மாதத் தொடக்கத்தில் திறக்கும், மாதக் கடைசி வாக்கில் அனுப்ப ஆரம்பிக்கலாம். எந்தத் தேதியில் அனுப்புகிறாய் என்று மட்டும் கேளுங்கள்.