கவருக்கு மீசை உண்டா?

சாக்லேட்டில் ஆண், பெண் உண்டா? (தஞ்சாவூர் வாசகி)

பிரிட்டனில் இருந்தது! யார்க்கி என்ற கனத்த சாக்லேட் கட்டி. 1976-ல் வந்தது, லாரி ஓட்டுநர்தான் விளம்பர நாயகன். 2002-ல் நெஸ்லே ஒரு படி மேலே போய், 'இது பெண்களுக்கு அல்ல' என்று கவரிலேயே அச்சடித்தது. உள்ளே என்ன? பால், சர்க்கரை, கோகோ. மீசை முளைக்க வைக்கும் சரக்கு எதுவும் இல்லை! சுமார் பத்தாண்டு கழித்து அந்த வாசகத்தை எடுத்தார்கள். அதற்குள் 2011-ல் அமெரிக்காவில் டாக்டர் பெப்பர் டென் என்ற பத்து கலோரி பானம் அதே வசனத்தோடு வந்து நின்றது. விளம்பரக்காரர்களுக்குக் கற்பனைப் பஞ்சம் வந்தால் பெண்களைத்தான் முதலில் வெளியே தள்ளுகிறார்கள்.

இளஞ்சிவப்புக்கு ருசி உண்டா? (கரூர்)

பஞ்சுமிட்டாயில் மட்டும்.

பெண்களுக்கென்று தனி சிப்ஸ் வரப்போவதாக ஒருமுறை செய்தி வந்ததே? (சென்னை)

2018-ல் வந்த செய்தி. பெப்சிகோவின் அன்றைய தலைவர், உங்கள் ஊரில் பிறந்த இந்திரா நூயி, ஒரு பேட்டியில் சொன்னார்: பொது இடத்தில் மொறுமொறுவென்று கடிக்கவும் விரலை நக்கவும் பெண்கள் கூச்சப்படுகிறார்கள், அவர்களுக்கு ஏற்றபடி சிப்ஸ் செய்வதைப் பற்றி யோசிக்கிறோம் என்று. அந்தக் கம்பெனியின் டோரிட்டோஸ் சிப்ஸை வைத்து 'லேடி டோரிட்டோஸா?' என்று ஊரே பொங்கியது. அப்படி ஒரு சரக்கே இல்லை என்றது கம்பெனி. முறுக்கோ சிப்ஸோ, கடித்தால் சத்தம் வர வேண்டும். வராவிட்டால் அது நமுத்துப்போனது. நமுத்ததைப் பெண்கள் தலையில் கட்டும் வழக்கம் வீட்டுக்குள்ளேயே போதும் போதும் என்றிருக்கிறது!

விளம்பரத்தில் ஆண் சமைத்தால் ஏன் எல்லோரும் கைதட்டுகிறார்கள்? (ஈரோடு)

தினமும் சமைப்பவருக்குத் தட்டிப் பழக்கமில்லாததால்.

இதையெல்லாம் தட்டிக்கேட்க ஆளில்லையா? (நெல்லை)

உண்டு. 2019-ல் பிரிட்டன் ஒரு ஃபிலடெல்ஃபியா சீஸ் விளம்பரத்தைத் தடை செய்தது. சீஸ் தின்னும் சுவாரஸ்யத்தில் அப்பாக்கள் குழந்தைகளைக் கன்வேயர் பெல்ட்டில் விட்டுவிடுவார்கள். ஆணுக்குப் பிள்ளை பார்க்கத் தெரியாது என்று காட்டியதே குற்றம். சபாஷ்! இந்திய விளம்பரத் தர மன்றமும் 2022-ல் பாலினச் சித்திரிப்புக்கு நெறிமுறைகள் வெளியிட்டது.

பெண்களுக்கான சத்துமாவு டப்பாக்களும் ஏமாற்றுதானா? (மதுரை வாசகி)

பெண்ணுக்கு இரும்புச்சத்து கூடுதலாக வேண்டும் என்பது மெய். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2020 பரிந்துரைப்படி ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மி.கி., பெண்ணுக்கு 29 மி.கி. மாதவிலக்கில் ஏற்படும் இழப்பே முக்கியக் காரணம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதனால் வழக்கம்போல் நான் சொல்வது: டப்பாவைத் திருப்புங்கள். இரும்பு எத்தனை மி.கி., சர்க்கரை எத்தனை கிராம் என்று பின்பக்கக் கட்டத்தில் இருக்கும். முன்பக்கத்து ஒல்லி இடுப்பு ரத்தத்தில் சேராது. ஹீமோகுளோபினைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் பழக்கத்தை இன்றே விடுங்கள் அம்மா. அதை எந்த டப்பாவும் ஈடுகட்டாது.

கடைக்காரர் 'லேடீஸ் பேக்கா, ஜென்ட்ஸ் பேக்கா?' என்கிறாரே? (சேலம்)

'எக்ஸ்பைரி தேதி என்ன?' என்று கேளுங்கள்.