ஹயஸ் வானும் ஏ.ரி.ஆர். விமானமும்

பலாலிக்கு வந்து இறங்கும் எந்த விமானக் கொம்பனிக்கும் எங்கள் தீவு ஊரான மண்கும்பானில் ஒரே ஒரு எதிரிதான். அது ஹயஸ் வான்.

வெளிநாட்டுக்குப் போகிற ஒருவரைக் கட்டுநாயக்காவில் ஏற்றிவிடுவது எங்கள் பக்கத்தில் ஒரு சின்னத் திருவிழா. பறக்கப் போகிறவர் ஒருவர். வானில் ஏறுகிறவர்கள் பதின்மூன்று பேர். பின்னேரம் வெளிக்கிட்டுப் பண்ணைப் பாலம் தாண்டுவதற்குள் யாரோ ஒருவருக்குச் சத்தி வந்துவிடும். முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, கோதை சீற்றுக்குக் கீழே போட்டபடி போனால் விடியப்புறம் விமானநிலைய வாசல். அங்கே கால் மணித்தியாலம் அழுகை. அழுகை ஓய்ந்ததும் வெள்ளவத்தையில் சேலைக்கடை. லண்டன்காரர் வீடு போய்ச் சேர்ந்து குளித்துப் படுத்த பிறகும், அவரை ஏற்றிவிடப் போனவர்கள் வவுனியாவைத் தாண்டியிருக்க மாட்டார்கள். இந்தச் சுகத்தை எந்த விமானக் கொம்பனியால் தரமுடியும்?

சென்னைக்குப் போகிறவரும் இப்படித்தான் போய்வந்தார். தெற்குப் பக்கம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர் றோட்டால் போய், அங்கே விமானம் ஏறி, விட்டுவந்த வடக்குப் பக்கமே திரும்பிப் பறப்பார். யாழ்ப்பாணத்திலிருந்து சென்னையும் கிட்டத்தட்ட அதே 400 கிலோமீற்றர்தான். திசைதான் நேர் எதிர்.

யாழ்ப்பாணத்திலிருந்து நேரே சென்னைக்குப் பறக்கும் பாதை புதிது என்றும் சொல்வதற்கில்லை. 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயர் சிலோன் தன் முதல் பறப்பைத் தொடங்கியபோது, இரத்மலானையில் கிளம்பிய டக்கோட்டா காங்கேசன்துறையில் இறங்கித்தான் மதராசுக்குப் போனது. அவர்களிடம் இருந்த டக்கோட்டாக்களில் ஒன்றுக்குச் 'சீதாதேவி' என்று பெயர். இலங்கையிலிருந்து வான்வழியே ஊர் திரும்பியவள் என்ற அளவில் பொருத்தமான பெயர்தான். காலைப் பிளேனில் மதராசுக்குப் போய்ப் படம் பார்த்து வந்தவர்களின் கதை எங்கள் ஊரில் இன்னும் உண்டு. பாதியைப் புளுகு என்று தள்ளினாலும் மீதிப் பாதி பொறாமைப்பட வைக்கும்.

பிறகு யுத்தம். தரைப்பாதை பூட்டிக்கிடந்த நாட்களில் லயன் எயர், எக்ஸ்போ எயர் போன்ற தனியார் கொம்பனிகள் பலாலிக்கும் இரத்மலானைக்கும் இடையில் ஓடின. பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வந்தால்தான் பயணம். 1998 செப்டெம்பர் 29இல் லயன் எயரின் அந்தோனோவ் விமானம் 55 பேரோடு கடலில் போய்விட்டது. அந்தப் பக்கத்தில் சிரிக்க ஒன்றும் இல்லை. கடந்து போகிறேன்.

2019 ஒக்ரோபர் 17இல் பலாலியைச் சர்வதேச விமானநிலையமாகத் திறந்தார்கள். எங்கள் பாட்டன்மார் போய்வந்த வழிக்கு நாங்கள் நாடா வெட்டிக் கைதட்டினோம். நவம்பர் 11இல் இந்திய அரசின் அலயன்ஸ் எயர் சென்னையிலிருந்து ஓடத் தொடங்கியது. எங்கள் குஞ்சியம்மா திண்ணையில் இருந்தபடியே ஒரு கேள்வி கேட்டா.

"தம்பி, உது நெடுக ஓடுமோ?"

"ஓடும் குஞ்சியம்மா."

"எதுக்கும் கொஞ்சம் பாத்துப் போவம்."

அவ பார்த்துக்கொண்டிருக்க, நாலு மாதத்தில் கொரோனா வந்தது. விமானம் நின்றது. 2022 டிசம்பர் 12இல் திரும்ப வந்தபோது குஞ்சியம்மாவின் மரியாதை ஊரில் இரண்டு மடங்கு.

உண்மையான தனியார் வரவு 2024 செப்டெம்பர் 1ஆம் திகதி. 2006இல் பறக்கத் தொடங்கி இந்தியாவின் ஆகப்பெரிய விமானக் கொம்பனியாக வளர்ந்த இண்டிகோ, சென்னையிலிருந்து பலாலிக்கு வந்தது. 2025 மார்ச் 30இல் திருச்சியிலிருந்தும் வந்தது. அந்த விமானத்தின் படத்தைக் குஞ்சியம்மாவுக்குக் கைபேசியில் காட்டினேன்.

"என்ன மோனை, காத்தாடி பூட்டியிருக்கு? ஜெற் இல்லையோ?"

ஏ.ரி.ஆர். 72 என்று விளங்கப்படுத்தினேன். பெரிய ஜெற் இறங்க நீளமான ஓடுபாதை வேண்டும்; பலாலியில் அது இல்லை. காற்றாடி பூட்டிய விமானத்துக்குக் குறுகிய பாதை போதும். குறுகிய தூரத்துக்கு எண்ணெயும் குறைவாகக் குடிக்கும். இருக்கை 78. செட்டை உடம்புக்கு மேலே இருப்பதால் எந்த யன்னலில் இருந்தாலும் கீழே கடல் தெரியும். ஆட்கள் ஏறுவது வால்பக்கத்துக் கதவால். பொதி ஏறுவது முன்பக்கத்தால். "மினிபஸ்ஸில மாறியெல்லோ" என்றா குஞ்சியம்மா. ஆனாலும் மனம் இளகிவிட்டது. மகளைப் பார்க்கத் திருச்சிக்குப் போக ரிக்கெற் போட்டோம்.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததுதான் வேடிக்கை. மால் வளையில் தொங்குதராசைக் கட்டி, அதில் சூட்கேசைக் கொளுவி, ஒவ்வொரு பொருளாக வெளியே எடுத்து ஒரு வழக்கு விசாரணை. ஒடியல்மா இருக்கட்டும். பனங்கட்டிக் குட்டானில் பாதி குறையட்டும். கருவாடு? "அது காய்ஞ்சதுதானே, பாரம் இல்லை" என்று வாதாடினா. முள்ளு அசையவில்லை. கடைசியில் உடுப்பு மூன்றைக் குறைத்துக் கருவாட்டைக் கொண்டுபோனா.

ஏற்றிவிடப் போன நாளில்தான் ஹயஸ் வானின் அருமை தெரிந்தது. மண்கும்பானிலிருந்து பலாலி ஏறக்குறைய 30 கிலோமீற்றர். முறிகண்டி இல்லை, கச்சான் இல்லை. அழத் தொடங்குவதற்குள் ஆள் உள்ளே போயாச்சு. மத்தியானச் சோற்றுக்கு வீடு திரும்பிய கோபத்தில் மாமா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. குஞ்சியம்மாவோ விமானம் வெளிக்கிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துத் திருச்சியிலிருந்து தொலைபேசி எடுத்தா. அதே நேரத்தில் நெடுந்தீவுக்குப் போக வெளிக்கிட்ட எங்கள் ஒன்றுவிட்ட தம்பி, குறிகட்டுவானில் படகுக்கு நின்றுகொண்டிருந்தான். பலாலியிலிருந்து திருச்சிக்குப் பறப்பதைவிட எங்கள் ஊரிலிருந்து நெடுந்தீவுக்குப் போகக் கூடுதல் நேரம் எடுக்கும். எங்கள் தீவுகளின் பூகோளம் அப்படி.

சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னால், சின்ன வழித்தட விமானத்தின் ஆயுள் கெட்டி இல்லை. கதவு பூட்டியபிறகு வெறுமையாக இருக்கிற சீற்றை யாருக்கும் விற்கமுடியாது. மதுரைக்காரர்களின் பரமவுண்ட் 2005இல் கிளம்பி 2010இல் நின்றது. 2003இல் ஏ.ரி.ஆர். விமானங்களோடு தொடங்கி, சாதாரண சனத்தைப் பறக்கவைத்த எயர் டெக்கானைக் கிங்ஃபிஷர் விழுங்கியது. 2012இல் கிங்ஃபிஷரும் படுத்துவிட்டது. நட்டம் வந்தால் பெரிய கொம்பனி விமானத்தை வேறு ஊருக்குத் திருப்பிவிடும். நாங்கள்தான் மீண்டும் புத்தளம் வழியாகக் கட்டுநாயக்காவுக்குப் போகவேண்டும்.

ஆகவே லண்டன், ரொறன்ரோ, பாரிஸ் உறவுகளே, அடுத்த முறை ஊருக்கு வர ரிக்கெற் போடும்போது சென்னை வழியாகப் பலாலிக்கும் ஒருதரம் விலை கேட்டுப் பாருங்கோ. இந்திய விசா தேவையோ என்பதையும் முதலே விசாரித்துவிடுங்கோ. முறிகண்டிக் கச்சானுக்கு யோசிக்கவேண்டாம்; நீங்கள் வந்து இறங்கின அடுத்த நாள் வான் பிடித்து எல்லோருமாகப் போவோம்.