அக்கா இல்லாவிட்டால் ஆபீஸ் ஓடாது

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலோ கிண்டியிலோ ஏதாவது ஒரு நடுத்தரக் கம்பெனியின் அக்கவுன்ட்ஸ் அறைக்குள் நுழைந்து, "அக்கா இருக்காங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். எந்த அக்கா என்று யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒடுங்கியிருக்கும் மேஜையைக் கை காட்டுவார்கள். ஃபேனுக்கு நேர் கீழே இருக்கும் விசாலமான மேஜை மேனேஜருடையது. அந்த மேனேஜருக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் அக்கா.

அக்காவின் டிராயரில் செல்லோ டேப், சேஃப்டி பின், அமிர்தாஞ்சன், அரை அட்டை பாரசிட்டமால், ரெவின்யூ ஸ்டாம்ப், பழைய மேனேஜர் விட்டுப்போன மூக்குக் கண்ணாடி எல்லாம் இருக்கும். ஸ்டேப்ளர் சணல் கயிற்றில் மேஜைக் காலோடு கட்டப்பட்டிருக்கும். யாருக்கு எது வேண்டுமானாலும் அந்த டிராயரில் கிடைக்கும். பிரமோஷன் லெட்டர் மட்டும் கிடைக்காது. அது முதலாளியின் டிராயரில், வேறு யாராவது ஒருவர் பெயரில் தயாராக இருக்கும். அதை டைப் அடித்துக் கொடுத்ததும் அக்காதான்.

ஊரில் மற்றவர்கள் அமாவாசை, கிருத்திகை, பிரதோஷம் பார்த்து மாதத்தை ஓட்டுவார்கள். அக்காவின் பஞ்சாங்கம் வேறு. 7-ஆம் தேதி டிடிஎஸ், 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 15-ஆம் தேதி பிஎஃப், ஈஎஸ்ஐ, 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி. இந்த நாட்களில் அவர் வீட்டில் நல்லது கெட்டது எதுவும் நடக்கக் கூடாது. எல்லா போர்ட்டலின் பாஸ்வேர்டும் அவர் தலைக்குள். பேங்க் உட்பட எல்லா ஓடிபியும் அவர் போனுக்கு. மகள் பள்ளி ஆண்டு விழாவில் மேடையேறி ஒரு சுற்று சுற்றுவதற்குள், "அக்கா, ஆறு நம்பர் வந்திருக்குமே, கொஞ்சம் சொல்லுங்க" என்று ஆபீசிலிருந்து போன் வந்துவிடும்.

மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அக்காவிடம் ஒரு தம்பி வந்து சேருவான். பி.காம். முடித்திருப்பான், டெபிட் எந்தப் பக்கம் என்பதில் மட்டும் லேசான குழப்பம் இருக்கும். அக்கா அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, "எஃப்-4 கான்ட்ரா, எஃப்-5 பேமென்ட், எஃப்-6 ரசீது, எஃப்-7 ஜர்னல்" என்று டேலி சாஃப்ட்வேரின் விசைகளை வாய்ப்பாடு மாதிரி சொல்லிக் கொடுப்பார். சப்ளையர் பில்லை ஜிஎஸ்டிஆர்-2பி-யோடு ஒத்துப் பார்ப்பது, இன்ஸ்பெக்டர் வந்தால் முதலில் காபியா ஃபைலா, முதலாளி எந்தக் குரலில் இருமினால் எந்தச் செக்கை எடுத்துப் போகக் கூடாது என்று வித்தை மொத்தத்தையும் இறக்கிவிடுவார். வித்தை கைவந்த மறு மாதம் தம்பி மேனேஜர் ஆகிவிடுவான். காலையில் "ஏன்டா தம்பி, டிஃபன் சாப்பிட்டியா?" என்று கேட்டவர் சாயங்காலம் "சார்" என்று கூப்பிட வேண்டும். பழக்கம் வருகிறவரை ஒரு வாரம் "தம்பி சார்" என்று ஓடும்.

அந்தத் தம்பி சாருக்கு எவ்வளவு சம்பளம் என்று அக்காவுக்கு நயா பைசா வரை தெரியும். மாதாமாதம் சம்பளப் பட்டியல் போட்டு பேங்குக்கு அனுப்புகிறவர் அவர்தானே! தன் பெயருக்கு நேரே உள்ள எண்ணையும், நான்கு வரி தள்ளி அதைப்போல ஒன்றரை மடங்கு உள்ள எண்ணையும் கூட்டி, மொத்தம் டேலி ஆகிறதா என்று பார்த்து, டிக் அடிப்பார். அக்காவின் கணக்கில் இதுவரை ஒரு ரூபாய் வித்தியாசம் வந்ததில்லை என்று முதலாளி எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லுவார்.

முதலாளியைக் கல்நெஞ்சர் என்று நினைத்துவிடக் கூடாது. "நீங்க இல்லாட்டி இந்த ஆபீசே ஓடாதும்மா" என்று மனதாரச் சொல்கிறவர். ஓடாது என்பதால்தான் அக்காவை அந்த மேஜையிலிருந்து நகர்த்தாமல் வைத்திருக்கிறார். மேனேஜர் என்றால் கோவை கிளைக்குப் போக வேண்டும், ஆடிட் சமயத்தில் ராத்திரி பத்து மணி ஆகும், "பாவம், பொம்பளைப் பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு உங்களால முடியுமா? கேட்டா சங்கடப்படுவீங்கன்னுதான் கேக்கலை" என்பார். மார்ச் 31 அன்று ராத்திரி பதினொரு மணிக்கு ஆபீசைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனவர் யார் என்பதை அந்த நேரம் மறந்துவிடுவார்.

சம்பளப் பேச்சு எடுத்தால் அவரிடம் வயதுவாரியாகப் பதில் உண்டு. கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு: "நாளைக்கே கல்யாணம்னு போயிடுவ." கல்யாணம் ஆனவளுக்கு: "அடுத்து குழந்தைன்னு லீவு கேப்ப." குழந்தை பெற்றுத் திரும்பியவளுக்கு: "இப்பதானே லீவு முடிஞ்சு வந்திருக்க." பிள்ளைகள் வளர்ந்தவளுக்கு: "இனிமே உங்களுக்கு என்னம்மா பெரிய செலவு?" ஆண்களுக்கு எல்லா வயதுக்கும் ஒரே வரிதான்: "அவனுக்குக் குடும்பம் இருக்கு." மாமியாரும் இரண்டு மகள்களும் வீட்டுக்கடனும் சேர்ந்து அக்காவுக்கு என்னவாக இருக்கிறது என்று அவர் சொன்னதில்லை. "உங்க வீட்டுக்காரர்தான் நல்ல வேலையில இருக்காரே" என்று ஒரு போடு போடுவார். இன்னொரு கம்பெனி கொடுக்கும் சம்பளத்துக்கு இந்த முதலாளி இன்புட் டாக்ஸ் கிரெடிட் எடுத்துக்கொள்வது எந்தச் செக்‌ஷனில் வருகிறது என்று அக்காவும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்.

சட்டம் தெரியாதவரல்ல அக்கா. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி வேலைக்கு ஒரே ஊதியம் என்ற சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. இப்போது 2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. பழைய சட்டத்தின்படி 'படிவம் டி' என்று ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டியிருந்தது: என்ன வேலை, ஆண்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், ஊதியம் எவ்வளவு. பல வருஷம் அதைக் குண்டு குண்டான கையெழுத்தில் எழுதி, முதலாளியிடம் கையெழுத்து வாங்கி வைத்தவரும் அக்காதான். 'மேனேஜர்: ஆண் 1. அசிஸ்டன்ட்: பெண் 1.' வேலை ஒன்றானாலும் பெயர் இரண்டு. இன்ஸ்பெக்டர் புரட்டிப் பார்த்து, "ரெக்கார்டு ரொம்ப நீட்டா இருக்கும்மா" என்று பாராட்டிவிட்டுப் போவார்.

இந்தப் பெயர் மாற்றும் வித்தையை நம் முதலாளி கண்டுபிடிக்கவில்லை. மும்பையில் மெக்கின்னன் மெக்கன்சி கம்பெனி, ஆண் ஸ்டெனோகிராபர்களுக்கு ஒரு சம்பளமும் 'கான்ஃபிடென்ஷியல் லேடி ஸ்டெனோகிராபர்' என்று பெயர் வைத்த பெண்களுக்குக் குறைந்த சம்பளமும் கொடுத்து வந்தது. ஆட்ரி டி'கோஸ்டா என்ற ஸ்டெனோ வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம்வரை போய் 1987-இல் ஜெயித்தார். யூனியனோடு ஒப்பந்தம் இருக்கிறது என்று கம்பெனி சொல்லிப் பார்த்தது. கொடுக்க வசதியில்லை என்றும் சொல்லிப் பார்த்தது. இரண்டும் எடுபடவில்லை. போர்டில் என்ன பெயர் என்பதை விட்டுவிட்டு, செய்கிற வேலை என்ன என்று நீதிமன்றம் பார்த்தது. இதை அக்கா ஒருமுறை தம்பி சாரிடம் சொன்னார். "இன்ட்ரஸ்டிங் கேஸ்க்கா" என்று சொல்லிவிட்டு, ஜிஎஸ்டி ஃபைல் பண்ணியாச்சா என்று கேட்டார் அவர்.

மார்ச் 8 வந்தால் முதலாளிக்கு உற்சாகம் பிறந்துவிடும். பெண்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு ரோஜா, ஒரு டிபன் பாக்ஸ், சக்தியைப் பற்றி அரை மணி நேரச் சொற்பொழிவு. ரோஜா வாங்கி வருவது, மைக் செட்டுக்குச் சொல்வது, மறுநாள் 'ஸ்டாஃப் வெல்ஃபேர்' கணக்கில் வவுச்சர் போடுவது எல்லாம் அக்கா. 2022-இல் கிரிக்கெட் வாரியம் பெண்களுக்கும் ஆண்களுக்குச் சமமாக டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாள் ஆட்டத்துக்கு 6 லட்சம், டி20-க்கு 3 லட்சம் என்று அறிவித்த அன்றும் முதலாளி எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். "பாத்தீங்களாம்மா, நாடு எங்கயோ போயிடுச்சு!" என்றார். அக்கா ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு பில்லை வாங்கி எஃப்-5 தட்டினார்.

போன மாதம் அக்கா லீவு போட்டார். குலதெய்வக் கோயிலில் கும்பிடு, மூன்றாம் தேதி முதல் ஏழாம் தேதி வரை. ஊர் இளையான்குடிக்கு உள்ளே. 'அங்கே டவர் கிடைக்காது' என்று விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தார். அக்கா நீட்டும் தாளைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடும் வழக்கம் முதலாளிக்கு இல்லை.

ஏழாம் தேதி காலையில் தம்பி சார் டிடிஎஸ் கட்ட உட்கார்ந்தார். எஃப்-5 தெரிந்தது. ஓடிபி வரவில்லை. பத்து மணிக்கு போன் போட்டார். பதினொன்றுக்கு முதலாளி போட்டார். "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்ற அம்மாள் ஒருத்திதான் மாறாத பொறுமையோடு பதில் சொன்னாள். தாமதமானால் மாதத்துக்கு ஒன்றரை சதவிகிதம் வட்டி என்று ஆடிட்டர் நினைவூட்டினார். சாயங்காலம் முதலாளி வட்டியைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். அதே கால்குலேட்டரில், எதற்கும் இருக்கட்டும் என்று அக்காவின் சம்பளத்தையும் ஒருமுறை அடித்துப் பார்த்தார்.

எட்டாம் தேதி அக்கா விபூதிப் பொட்டலத்தோடு வந்தார். மத்தியானத்துக்குள் கவர் வந்தது. தம்பி சாருக்கு உள்ள அதே சம்பளம். 'மேனேஜர் – கம்ப்ளையன்ஸ்' என்று பதவி.

"சந்தோஷமாம்மா? ஒண்ணே ஒண்ணு. சம்பள விஷயத்தை வெளியில சொல்லிடாதீங்க. மத்தவங்க மனசு சங்கடப்படும். நாம எல்லாம் ஒரே குடும்பம் பாருங்க."

அக்கா எல்லோருடைய சம்பளத்தையும் இத்தனை வருஷம் நெஞ்சுக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தவர். இப்போது அவர் கையில் இருந்தது அவருடைய சம்பளம். சாப்பாட்டு மேஜையில் எலுமிச்சை சாதத்தைப் பிரித்து, ஊறுகாயை நகர்த்திவிட்டு, கவரையும் பிரித்து நடுவில் வைத்தார்.

மறுநாள் காலை முதலாளி மேஜையில் மூன்று லீவு விண்ணப்பங்கள் இருந்தன. டெஸ்பாட்ச், ஸ்டோர்ஸ், குவாலிட்டி. மூன்றிலும் அடுத்த மாதம் முதல் வாரம். மூன்று ஊரிலும் டவர் கிடைக்காது.

"என்னம்மா இது, எல்லாருக்கும் ஒரே நேரத்துலயா குலதெய்வம் கும்பிடு?"

"ஆமா சார்," என்றார் அக்கா. "ஒரே குடும்பம்னு நீங்கதானே சொன்னீங்க!"