மனசு விட்டுப்போனவர்

அவருக்கு மனசு விட்டுப்போனது 2024 ஜூன் மாதம், ஒரு திங்கட்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு. இவ்வளவு துல்லியமாக நான் சொல்லக் காரணம், அவரே அப்படித்தான் சொல்வார். மற்றவர்கள் கல்யாண நாளை நினைவு வைத்திருப்பார்கள், பிள்ளை பிறந்த நேரத்தைக் குறித்து வைத்திருப்பார்கள். இவர் வேலையில் ஆர்வம் போன நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறார். கேட்டால் நட்சத்திரமும் சொல்வார்.

காவிரி டெல்டாவில் ஓர் ஊர். அதில் ஓர் அரசு வங்கிக் கிளை. ஊர்ப் பெயரும் வங்கிப் பெயரும் வேண்டாம். நானும் அங்கேதான் கேஷில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறேன். நம்மவர் எனக்கு இடப்பக்கத்துக் கவுண்டர். வங்கி ஆள்சேர்ப்பு போர்டு பரீட்சை எழுதி 1994-ல் கிளார்க்காகச் சேர்ந்தவர். லெட்ஜரைத் தூக்கித் தோள்பட்டை தேய்ந்த கடைசித் தலைமுறை. ராத்திரி எட்டு மணிக்குக் கணக்கு டாலி ஆகாமல் எல்லாரும் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போது, வித்தியாசத் தொகையை ஒன்பதால் வகுத்துப் பார்த்து, "மீதியில்லாம வகுபடுது, எவனோ ரெண்டு நம்பரை மாத்திப் போட்டிருக்கான், 54-ஐ 45-ன்னு எழுதியிருப்பான், தேடுங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் பிடிக்கப் போனவர். அது இருந்த இடத்தை மறுநாள் காலையில் வந்து காட்டியும் கொடுத்தவர். இப்போது அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. ஆனாலும் ஒன்பதால் வகுக்கிற பழக்கம் அவரை விடவில்லை. டீக்கடை பாக்கியைக்கூட வகுத்துப் பார்ப்பார்.

இப்படிப்பட்டவருக்கு என்ன ஆயிற்று என்றால், புது மேனேஜர் வந்தார்.

மார்ச் முடிந்து கணக்கு முடித்தால் எங்கள் உலகத்தில் டிரான்ஸ்ஃபர் காலம். மல்லிகை சீசன் மாதிரி இது பொன்னாடை சீசன். பழைய மேனேஜருக்கு ஒரு பொன்னாடை, ஒரு சுவர்க் கடிகாரம், மாடியில் குரூப் போட்டோ. அடுத்த திங்கட்கிழமை முதுகில் லேப்டாப் பையோடு ஒரு பையன் படியேறி வந்தான். "லோன் கேட்டு வந்திருக்கு போல, உக்காருங்க தம்பி, மேனேஜர் இன்னைக்குத்தான் ஜாயின் பண்றார்" என்று நம்மவரே நாற்காலி காட்டினார். "நான்தான் சார்" என்றது பையன். வயது 34. கணக்குப் போட்டால், அவர் பிறந்த வருஷம் நம்மவர் பி.காம். முதலாண்டு.

இதைக்கூட நம்மவர் பொறுத்துக்கொண்டிருப்பார். பொறுக்க முடியாதது பத்தேகால் மணிக்கு நடந்தது.

பாபநாசம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் ஒரு பழைய பாஸ்புக்கோடு வந்தார். அப்பா செத்துப் பல வருஷம் ஆகிறது, பரணைச் சுத்தம் பண்ணும்போது கிடைத்தது, இதில் பணம் இருக்குமா என்று கேட்டார். இது நம்மவரின் சொந்த மைதானம். பத்து வருஷம் யாரும் தொடாத கணக்கென்றால், அதிலுள்ள பணம் ரிசர்வ் வங்கியின் நிதி ஒன்றுக்குப் போய்விடும். 2014-லிருந்து அப்படித்தான். போய்விட்டதே தவிர தொலைந்துவிடவில்லை. வாரிசு வந்து கேட்டால் நாங்கள் கொடுத்துவிட்டு அங்கிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு எந்தப் படிவம், எத்தனை நகல், எந்த சர்க்குலர் எல்லாம் நம்மவருக்கு மனப்பாடம். பழைய மேனேஜராக இருந்தால் கேபினிலிருந்தே கழுத்தை நீட்டி, "நம்ம சாரைக் கேளுங்க" என்பார். நம்மவர் உடனே பதில் சொல்லமாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டு, ஒரு பெருமூச்சு விட்டு, அதற்கப்புறம்தான் தொடங்குவார். கச்சேரியில் சுருதி சேர்ப்பதுபோல.

அன்றைக்கும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். துடைத்துக்கொண்டிருக்கும்போதே புது மேனேஜர் வெளியே வந்து, செல்போனில், கேட்பாரற்ற டெபாசிட்டைத் தேடுகிற ரிசர்வ் வங்கியின் உத்கம் தளத்தைத் திறந்து, நாலு தட்டுத் தட்டி, "பணம் இருக்கு சார், இந்த ஃபார்ம், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று கொண்டு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மொத்தமே இரண்டு நிமிஷம். நம்மவர் வாயைத் திறந்தது திறந்தபடி இருந்தது. சுற்றிலும் பார்த்தார். திறந்த வாயை அப்படியே கொட்டாவியாக மாற்றிக்கொண்டார்.

அந்தக் கொட்டாவி இன்னும் முடியவில்லை.

மறுநாள் முதல் அறிகுறிகள் தெரிந்தன. முதலில் ஸ்பாஞ்ச் கிண்ணம். நோட்டு எண்ண, வவுச்சர் புரட்ட விரலை நனைத்துக்கொள்கிற அந்தச் சின்ன பிளாஸ்டிக் கிண்ணம், நம்மவருடைய சொந்தச் சொத்து. வங்கி கொடுத்ததில் தண்ணீர் ஒழுகுகிறது என்று எந்தக் காலத்திலோ மகாமகக் குளத்துப் பக்கம் வாங்கியது. அதை டிஃபன் பாக்ஸ் பையில் வைத்து வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டார். ராஜினாமாக் கடிதம் கொடுக்கிறவன் முகத்தில்கூட அவ்வளவு தீர்மானம் இருக்காது. "ஏன்யா?" என்றேன். "வங்கி குடுத்ததை வச்சு வங்கி வேலை. நம்மளுது எதுக்கு?" என்றார். அன்றிலிருந்து எச்சில் தொட்டுத்தான் வவுச்சர் புரட்டுகிறார். அதிலும் தானாக ஊறுகிற எச்சில் மட்டும்.

இரண்டாவது, ரூல்படி. முப்பது வருஷம் ரூலுக்கு மேலேயே வேலை பார்த்துப் பழகியவருக்கு ரூல்படி மட்டும் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று பக்கத்திலிருந்து பார்த்த எனக்குத்தான் தெரியும். நாலு மணிக்குக் கவுண்டர் மூட வேண்டும் என்றால் 3:59-க்கு எழுந்து நிற்பார். அந்த ஒரு நிமிஷம் என்ன செய்வது என்று தெரியாமல் தவிப்பார். சும்மா இருப்பதில் அவருக்கு அனுபவம் போதாது. சோம்பேறிகள் பாக்கியவான்கள், அவர்களுக்கு அது இயல்பாக வரும். நம்மவர் சும்மா இருப்பதற்காக உழைத்ததுபோல் வேலை செய்வதற்காக எந்நாளும் உழைத்ததில்லை.

மூன்றாவது, பென்ஷன் கணக்கு. மேசை காலண்டரின் பின்பக்கம் முழுக்க அதுதான். எங்கள் ஓய்வூதிய விதிப்படி இருபது வருஷ சர்வீஸ் முடித்தவர் மூன்று மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு விருப்ப ஓய்வில் போகலாம். முழு ஓய்வூதியத்துக்கு 33 வருஷம் வேண்டும். நம்மவருக்கு ஆனது 30. "மூணு வருஷம் குறையுதே, இல்லைன்னா இன்னைக்கே எழுதிக் குடுத்துட்டுப் போயிடுவேன்" என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்வதில் ஒரு சுகம் இருந்தது. யூனியன்காரர் ஒருநாள் வந்தார், அதைக் கெடுத்தார். "விருப்ப ஓய்வுல போறவங்களுக்கு அஞ்சு வருஷம் வரைக்கும் கூட்டிக்குடுப்பாங்களே! 33-ஐத் தாண்டாம இருந்தாப் போதும். உங்களுக்கு இப்பவே முழுசும் வருமே!" என்றார். நம்மவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். சிறைக்கதவு திறந்தே இருக்கிறது என்று தெரிந்த கைதிக்கு வருகிற கலவரம். காலண்டரைத் திருப்பி வைத்தார். அப்புறம் அந்தப் பேச்சே இல்லை.

பழைய குறை ஒன்று மட்டும் பாக்கி. 2000-மாவது ஆண்டில் அரசு வங்கிகளில் வி.ஆர்.எஸ். திட்டம் வந்தபோது, 40 வயதோ 15 வருஷ சர்வீஸோ இருந்தால் போகலாம் என்றார்கள். நம்மவருக்கு அப்போது வயது 28, சர்வீஸ் ஆறு வருஷம். ஆனால் அன்றைக்கும் ஒரு புது மேனேஜர் வந்திருந்தாராம். மனசு விட்டுப்போகிற தகுதி அப்போதே வந்துவிட்டது, வயதுதான் வரவில்லை.

இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. இப்போது தெய்வமாகிவிட்ட பழைய மேனேஜர் 2021-ல் வந்தபோதும் இதே நம்மவர், இதே டீக்கடை பெஞ்சில், "வேலை பார்க்கிற ஆசையே போயிடுச்சுய்யா. அந்த மனுஷன் இருந்தப்போ எப்படி இருந்தது!" என்று சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம். அந்த மனுஷன் என்றது அதற்கு முந்தினவரை. அவர் வந்தபோது அவருக்கு முந்தினவரை. இப்படியே பின்னால் போனால் 1994-ல் முதல் மேனேஜரிடம் போய் முட்டும். அவரையாவது நேரில் இருந்தபோதே பிடித்திருக்குமா என்று கேட்டேன். "அவர் கடுவன் பூனை" என்றார். ஆக நம்மவர் எப்போதும் ஒரு மேனேஜர் பின்தங்கியே ஓடுகிற கடிகாரம். புது மேனேஜரின் அருமை அவருக்குத் தெரிய சரியாக மூன்று வருஷமும் ஒரு பொன்னாடையும் தேவைப்படுகிறது.

திருநள்ளாறுக்கும் போய்விட்டு வந்தார். ஒரு சனிக்கிழமை, எள் தீபம் போட்டு. முந்தின டிசம்பரில்தான் சனிப்பெயர்ச்சி ஆகியிருந்தது, பலன் புத்தகமும் கையில் இருந்தது. "சனி பகவான்கூட ரெண்டரை வருஷத்துல வீடு மாறிடறார்யா. இவரு மூணு வருஷம்!" என்று அலுத்துக்கொண்டார். தீபம் தன் ராசிக்குப் போட்டாரா, மேனேஜர் ராசிக்கா என்று நான் கேட்கவில்லை.

நடுவில் அவரைப் பயிற்சிக்கு வேறு அனுப்பினார்கள். இரண்டு நாள். தலைப்பு மோட்டிவேஷன். மாஸ்லோ என்ற அமெரிக்கர் 1943-ல் சொன்ன தேவைகளின் அடுக்கை முக்கோணமாக வரைந்து, அடியில் சோறு தண்ணீர், உச்சியில் தன்னிறைவு என்று பாடம் நடத்தினார்களாம். நம்மவர் மதியச் சாப்பாட்டில் அப்பளம் நமத்துப்போயிருந்ததை மட்டும் வந்து சொன்னார். முக்கோணத்தின் அடித்தளத்தையே கவனித்திருக்கிறீர்கள் என்று நான் சமாதானப்படுத்தினேன்.

புது மேனேஜரைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பாவம். ஒன்பதே முக்காலுக்கு எல்லாரையும் வட்டமாக நிற்கவைத்து ஐந்து நிமிஷம் பேசுவார். 'கிளை நண்பர்கள்' என்றிருந்த வாட்ஸாப் குழுவுக்கு 'வின்னிங் டீம்' என்று பெயர் மாற்றினார். ஆளுக்கு இத்தனை இன்ஷூரன்ஸ், இத்தனை அடல் பென்ஷன் என்று வெள்ளைப் பலகையில் எழுதுவார். ராத்திரி பத்து மணிக்கு ஸோனல் ஆபீஸிலிருந்து அவருக்கு வருகிற போனைக் கேட்டால் அதை ஏன் எழுதுகிறார் என்று புரியும். கெட்டவர் இல்லை. யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரியாதவர். கூகுளிடம் கேட்டால் அது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்காது என்பதால் அதனிடம் கேட்கிறார், அவ்வளவுதான்.

நவம்பர் வந்தது. நவம்பர் எங்களுக்கு உயிர்ச்சான்று மாதம். பென்ஷன் வாங்குகிறவர்கள் வந்து, தாங்கள் இருப்பதை விரல் ரேகையால் நிரூபிக்க வேண்டும். ஒரு மாலை நாலேகாலுக்கு நான் கேஷ் கட்டி வைத்துவிட்டுத் திரும்பினால், மூடின கவுண்டருக்கு உள்பக்கமாக நாற்காலி போட்டு ஒரு பாட்டி உட்கார்ந்திருக்கிறாள். ரயில்வேயில் கேங்மேனாக இருந்தவரின் மனைவி, குடும்ப ஓய்வூதியம். வயலில் களையெடுத்தே ரேகை தேய்ந்த கை. மெஷின் வலது கட்டைவிரலை ஏற்கவில்லை. நம்மவர் தன் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்துக் கைக்குட்டையை நனைத்து விரல் விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஆயா, அந்த விரலை நெத்தியில நல்லா தேய்ங்க. எண்ணெப்பிசுக்கு ஏறட்டும். ஆங், இப்ப வைங்க. அழுத்தாதீங்க, சும்மா வைங்க." மெஷினில் சிவப்பு. அடுத்த விரல். சிவப்பு. "இருக்கேன்னு சொன்னா நம்பமாட்டேங்குதே தம்பி" என்றாள் பாட்டி. "எனக்கும் இங்க அதே கதைதான் ஆயா" என்றார் நம்மவர். இடது கை மோதிர விரலில் பச்சை விழுந்தது. மணி நாலே முக்கால்.

தலையை நிமிர்த்தினார், என்னைப் பார்த்தார். வேலை செய்துகொண்டிருந்தபோது கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டார்.

"மெஷின் வேலை செய்யுதான்னு டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன்யா" என்றார்.

நான் மட்டும் பார்த்திருந்தால் பரவாயில்லை. கண்ணாடிக் கேபினுக்குள்ளிருந்து இன்னொருவரும் பார்த்திருக்கிறார். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு டீக்கடையில் நிற்கும்போது வின்னிங் டீமில் ஒரு செய்தி வந்து விழுந்தது. நம்மவர் பெயர், பக்கத்தில் ஒரு மஞ்சள் கட்டைவிரல். வேறொன்றும் இல்லை.

"என்னய்யா இது? முந்தினவரா இருந்தா வெளிய வந்து ஒரு காபி வாங்கிக் குடுத்திருப்பார். இவரு கட்டைவிரலைக் காட்டுறாரு!" என்றார். செல்போனைப் பைக்குள் போட்டார். எடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "குழுவை மியூட்ல போட்டிருந்தேன்னு சொன்னீங்களே?" என்று கூட நின்ற எங்கள் கிளை நகை அப்ரைசர் கேட்டார். பதில் இல்லை.

"இதுக்குத் திருப்பி என்ன போடறது?"

ஆலோசனை நடந்தது. கைகூப்புகிற படம் போட்டால் காலில் விழுந்த மாதிரி. தேங்க் யூ என்றால் தேவைக்கு மேலே. பதிலே போடாவிட்டால் கோபம் இருப்பது தெரிந்துவிடும். கோபம் இல்லை, ஆர்வம்தான் இல்லை என்பது நம்மவர் கட்சி. இரண்டாவது டீயும் ஆறிப்போனது. கடைசியில் 'நோட்டட்' என்று போடுவதாக முடிவாயிற்று. பக்கத்தில் 'சார்' சேர்ப்பதா வேண்டாமா என்பதில் இன்னும் ஐந்து நிமிஷம். சேர்த்தார், அழித்தார், சேர்த்தார், அனுப்பினார்.

ஒன்பதே முக்கால் வட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று நான் கிளம்பினேன். நம்மவர் டிஃபன் பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். பைக்குள் ஏதோ பிளாஸ்டிக் கடகடத்தது.

"பாத்திட்டாரான்னு எப்படிய்யா கண்டுபிடிக்கிறது?" என்றார்.